பார்த்தவர் சொல்ல வேண்டும்

வலிப்பு வந்தவருக்கு வலிப்பு தெரியாது. விழுந்தது தெரியாது, கை கால் வெட்டி இழுத்தது தெரியாது, எத்தனை நிமிடம் கிடந்தோம் என்பதும் தெரியாது. கண் விழிக்கும்போது சுற்றிலும் முகங்கள். நாக்கின் ஓரத்தில் கடிபட்ட எரிச்சல், நனைந்த உடை, மண்டையைப் பிளக்கும் வலி. அவரிடம் இருக்கும் சாட்சியம் அவ்வளவுதான். மருத்துவரிடம் போகும் நேரத்தில் பெரும்பாலும் எல்லாம் அடங்கி, ஆள் சாதாரணமாக உட்கார்ந்திருப்பார். அதனால் இந்த நோயில் பக்கத்தில் இருந்தவர் எதைப் பார்த்தார் என்பதுதான் நோய்க்கணிப்பின் முக்கால் பங்கு.

இதைத்தான் எல்லோரிடமும் சொல்ல நினைக்கிறேன். நம் ஊரில் வலிப்பை மறைக்கிறோம். மறைக்கும்போது, பார்த்துச் சொல்லக் கூடிய மனிதர்களையும் விலக்கிவிடுகிறோம். அந்த நஷ்டம் முழுவதும் நோயாளியின் தலையில்தான் விழுகிறது.

என் தங்கைக்கு வலிப்பு நோய் உண்டு. அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது. முசிறியிலிருந்து திருச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை நிற்கவே இல்லை என்று அம்மா சொல்வார். பிறகு பல வருடம் ஒன்றும் இல்லை. ஆறாம் வகுப்பு வாக்கில் வேறு மாதிரி ஒன்று ஆரம்பித்தது. பேசிக்கொண்டே இருப்பவள் சட்டென்று நின்றுவிடுவாள். கண் திறந்திருக்கும், பார்வை எதிலும் படாது. வாய் எதையோ மெல்லும். விரல்கள் பாவாடை ஓரத்தைப் பிசைந்துகொண்டே இருக்கும். ஒரு நிமிடம், கூடிப்போனால் ஒன்றரை. அப்புறம் மலங்க விழித்துவிட்டு, "என்னக்கா கேட்டே?" என்பாள். சில சமயம் அதற்கு முன்னால், "வயித்துலேருந்து என்னமோ மேல ஏறுதும்மா" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்வாள். வாயு என்று அம்மா ஓமத்தண்ணீர் கொடுப்பார். பள்ளியில் அவளுக்கு 'கவனமில்லாத பிள்ளை' என்று பெயர். பத்தாம் வகுப்பில், காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில், விறைத்துக் கீழே விழுந்து கை கால் இழுத்தபோதுதான் "ஃபிட்ஸ்" என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

நம் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புச் செல்கள் உள்ளன. ஒன்றோடொன்று மின் துடிப்புகளால் பேசிக்கொள்கின்றன. திருவிழாக் கூட்டத்தில் ஆளுக்கொரு பேச்சு பேசிக்கொண்டிருப்பதுபோல. திடீரென்று ஒரு மூலையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே குரலில், ஒரே தாளத்தில் கத்த ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? அதுதான் வலிப்பு. அந்த மூலையோடு நின்றுவிட்டால், அந்தப் பகுதி என்ன வேலை செய்கிறதோ அதில் மட்டும் கோளாறு தெரியும். கையை ஆளும் பகுதி என்றால் கை துடிக்கும். நினைவையும் உணர்ச்சியையும் ஆளும், காதை ஒட்டிய பொட்டுப் பகுதி (டெம்போரல் லோப்) என்றால் என் தங்கைக்கு வந்தது போல வயிற்றிலிருந்து ஏறும் உணர்வு, வெறித்த பார்வை, மெல்லும் வாய். மூளை முழுவதும் பரவினால்தான் எல்லோருக்கும் தெரிந்த அந்த வலிப்பு வரும். விழுந்து துடிப்பது மட்டுமே வலிப்பு என்று நினைப்பதால் எத்தனையோ பிள்ளைகள் 'கவனமில்லாத பிள்ளை'யாகவே வளர்கிறார்கள்.

முதன்முதலில் பார்த்த நரம்பியல் மருத்துவரின் கேள்விகள் எனக்கு இன்னும் மனப்பாடம். அவர் தங்கையைவிட எங்களைத்தான் அதிகம் கேட்டார். "விழுறப்போ பக்கத்துல யாரு இருந்தீங்க? தலை எந்தப் பக்கம் திரும்புச்சு? கண்ணு தெறந்திருந்துச்சா, மூடியிருந்துச்சா? ரெண்டு கையும் ஒண்ணா இழுத்துச்சா, ஒரு கை முதல்லயா? முழிச்சதும் பேச்சு எப்ப தெளிவா வந்துச்சு?" பள்ளியில் இருந்தவர்களிடம் நாங்கள் ஒன்றுமே விசாரித்திருக்கவில்லை. "வெளிய தெரியவேண்டாம்" என்று அன்றைக்கே அவளை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அந்த டீச்சரப் போய்ப் பார்த்துக் கேட்டுட்டு வாங்கம்மா. நான் எழுதுற எந்த டெஸ்ட்டும் அவங்க சொல்றதுக்கு ஈடாகாது" என்றார்.

அந்தக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. உண்மையான வலிப்பில் பெரும்பாலும் கண் திறந்திருக்கும். நெடுநேரம் கண்ணை இறுக மூடிக்கொண்டு உடல் உதறினால் மன அழுத்தத்தால் வரும் வேறொரு வகையாக இருக்கலாம். அதுவும் நடிப்பல்ல, அதற்கும் சிகிச்சை வேண்டும், ஆனால் வலிப்பு மாத்திரை அதற்கு உதவாது. வெயிலில் நின்று மயங்கி விழுந்தவருக்கும் சில நொடி கை கால் உதறும். அவர் சீக்கிரமே தெளிந்துவிடுவார். வலிப்பு வந்தவருக்குத் தெளிய நேரமாகும். நாக்கின் நுனியைவிட ஓரத்தில் கடிபட்டிருந்தால் வலிப்பு என்ற சந்தேகம் வலுக்கும். இப்போது எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. நோயாளியைப் பாதுகாப்பாகப் படுக்க வைத்துவிட்டு, இன்னொருவர் காணொளி எடுத்தால் மருத்துவருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. மருத்துவரிடம் காட்ட மட்டும். வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவதற்கு அல்ல.

"ஈஈஜி நார்மல்னு வந்துருச்சு, அப்ப வலிப்பு இல்லைதானே?" என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்ற மருத்துவர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார், 1929இல் வெளியிட்டார். அதுதான் ஈஈஜி. அருமையான கருவிதான். ஆனால் அது பதிவு செய்வது அந்த அரை மணி நேரத்தை மட்டுமே. வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு முதல் ஈஈஜியில் எதுவும் பிடிபடாமல் போகலாம்.

இனி, வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் வழக்கத்துக்கு வருகிறேன். தங்கைக்கு வீட்டில் முதல் முறை வந்தபோது எங்கள் அப்பாயி, "அடியே, அந்தக் கொத்துச்சாவிய எடுங்கடி" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தார். சாவியைக் கையில் திணித்தார், வலிப்பு நின்றது. அப்பாயிக்கு அதற்குமேல் என்ன நிரூபணம் வேண்டும்? பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் தாமாகவே நின்றுவிடும். சாவியைத் தேடி எடுத்து வரவும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான் ஆகும். தலைமுறை தலைமுறையாக இரும்புக்குப் பெயர் கிடைத்தது இப்படித்தான். சாவியால் விரல் கிழியும், வேறு பயன் இல்லை. அதைத் தேடி ஓடும் நேரத்தில் செய்ய வேண்டியவை விட்டுப்போகும்.

செய்ய வேண்டியதும் அதிகமில்லை. பக்கத்தில் இருக்கும் அடுப்பு, கல், நாற்காலியை நகர்த்துங்கள். தலைக்கடியில் துண்டையோ துப்பட்டாவையோ மடித்து வையுங்கள். கண்ணாடியைக் கழற்றி, கழுத்துப் பித்தானைத் தளர்த்திவிடுங்கள். துடிப்பு அடங்க ஆரம்பித்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சிலும் நுரையும் மூச்சுக்குழலுக்குள் போகாமல் வெளியே வழியும். கையைக் காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள், தோள் மூட்டு இறங்கிவிடும். வாய்க்குள் கரண்டி, துணி, விரல் எதையும் விடாதீர்கள். நாக்கை யாராலும் விழுங்க முடியாது. பல் உடைந்து மூச்சுக்குழலுக்குள் போவதுதான் நடக்கும். முழுதாகத் தெளியும்வரை தண்ணீர், சோடா எதுவும் கூடாது. மிக முக்கியமாக, மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, தெளியாமலேயே அடுத்தது வந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ, அதுதான் வாழ்க்கையில் முதல் வலிப்பு என்றாலோ 108ஐ அழையுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டிய வலிப்பு தானாக நிற்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். அடிக்கடி நீண்ட வலிப்பு வருபவர்களுக்கு, மூக்கில் அடிக்கும் மிடாசோலம் மருந்தை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லி மருத்துவர்கள் எழுதித் தருகிறார்கள்.

கோயில்களுக்கும் போனோம், மறைக்க ஒன்றும் இல்லை. திருச்சியிலிருந்து முசிறி போகும் வழியில், கொள்ளிடத்தின் வடகரையில் திருவாசி இருக்கிறது. பழைய பெயர் திருப்பாச்சிலாச்சிராமம். கொல்லிமழவன் என்ற சிற்றரசனின் மகளுக்கு முயலகன் என்ற நோய் (வலிப்பு என்றே அதைக் கருதுகிறார்கள்) பற்றியிருந்தது, எந்த மருத்துவத்துக்கும் கட்டுப்படவில்லை, திருஞானசம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்தார் என்பது தலத்தின் கதை. இன்றும் வலிப்பு வரும் பிள்ளைகளை அங்கே அழைத்து வருகிறார்கள். எங்கள் அம்மாவும் அழைத்துப் போனார். மாத்திரையை நிறுத்தாமல் போகும்வரை எனக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை. அந்தக் கதையில் என்னை ஈர்ப்பது தகப்பன்தான். ஒரு அரசன், வயதுக்கு வந்த மகள், ஊரே பேசும் நோய். அவன் அவளை அந்தப்புரத்தில் பூட்டி வைக்கவில்லை. எல்லோரும் வந்துபோகும் கோயிலில், சந்நிதிக்கு முன்னால் கொண்டுவந்து கிடத்தினான். அதனால்தான் வழியே போன சம்பந்தர் அவளைப் பார்க்க முடிந்தது.

எதனால் வருகிறது என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. பிறக்கும்போது மூளைக்குப் பிராணவாயு குறைந்தது, தலைக்காயம், மூளைக்காய்ச்சல், பக்கவாதம், கட்டி, மரபணு என்று பட்டியல் நீளும். பாதிப் பேருக்குக் காரணமே பிடிபடாது. நம் நாட்டில் பலருக்கும் தெரிய வேண்டிய காரணம் ஒன்று உண்டு. அது நாடாப்புழு. ஸ்கேனில் சின்ன வளையம் மாதிரி ஒரு புள்ளி தெரியும். ஒருகாலத்தில் இந்தியாவில் அதை மூளைக் காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அப்படிப்பட்ட புள்ளிகளை எடுத்து ஆராய்ந்து, பெரும்பாலானவை காசநோயே அல்ல, நாடாப்புழுவின் இளம்பருவப் பைதான் என்று 1990களின் தொடக்கத்தில் காட்டினார்கள். எத்தனையோ பேரைத் தேவையில்லாத மருந்திலிருந்து மீட்ட வேலை அது.

"நாங்க சுத்த சைவம், எங்களுக்கு எப்படிங்க?" என்ற கேள்வி உடனே வரும். சரியாக வேகாத பன்றிக்கறி சாப்பிட்டால் குடலில்தான் நாடாப்புழு வளரும். மூளைக்குள் போவது அந்தப் புழு உள்ளவரின் மலத்தில் வெளியேறும் முட்டை. கழுவாத கையிலும், அசுத்தமான தண்ணீர் பாய்ந்த கீரையிலும் கொத்தமல்லியிலும் ஒட்டி வந்து எந்தச் சைவரின் வயிற்றுக்குள்ளும் போய்ச் சேரும். கழிப்பறையும் சோப்பும் மூளை நலத்துக்கான விஷயங்கள் என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள். ஆனால் அதுதான் உண்மை.

தென்னிந்தியாவில், முக்கியமாகக் கர்நாடகத்தில், அதிகம் பேசப்படும் ஒரு வகையையும் சொல்லிவிடுகிறேன். கொதிக்கக் கொதிக்க வெந்நீரைத் தலையில் ஊற்றும்போது மட்டும் வலிப்பு வரும். பெரும்பாலும் பிள்ளைகளுக்கு, பெண்களைவிட ஆண்களுக்கு. எண்ணெய்க் குளியல் நாளில் பிள்ளை ஒரு மாதிரி ஆகிறான் என்று கவனித்துச் சொன்னாலே போதும், பலருக்கு நீரின் சூட்டைக் குறைத்தாலே அடங்கிவிடும். இங்கேயும் பார்த்தவர் சொல்லித்தான் தெரிய வேண்டும்.

மருந்து விஷயத்தில் நிலைமை நம்பிக்கையானது. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முறையாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் அவர்களில் 70 விழுக்காடு வரை வலிப்பு இல்லாமல் வாழ முடியும். கார்டினால் என்று நம் ஊரில் தெரிந்த பீனோபார்பிடோன் 1912இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது, விலையும் மிகக் குறைவு. எப்டாய்ன் என்று கேட்டு வாங்கும் பெனிடாயின் 1938இல் வந்தது. பிறகு எத்தனையோ புதிய மருந்துகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். பெனிடாயினில் ஈறு தடிக்கும், லெவெடிராசிடாமில் சிலருக்குக் காரணமில்லாமல் கோபம் வரும். தங்கைக்கு லெவெடிராசிடாம் ஆரம்பித்த புதிதில் தட்டைத் தூக்கி எறிந்தாள். திமிர் என்று வீட்டில் திட்டு விழுந்தது. மருத்துவரிடம் சொன்னோம், மாற்றிக் கொடுத்தார். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சொல்லி மாற்ற வேண்டும். நாமாக நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் முன்பைவிட மோசமாக, நிற்காமல் தொடர்ந்து வரும் வலிப்பில் போய் முடியலாம்.

தூக்கம் கெடுவதும் குடியும் மாத்திரை தவறுவதும்தான் வலிப்பை வரவழைக்கும் பெரிய காரணங்கள். கல்யாண வீடு, திருவிழா, விரதம் என்று இவை சேர்ந்து வரக்கூடிய நாள்களில் கூடுதல் கவனம் வேண்டும். குளியலறைத் தாழ்ப்பாளைப் போடக் கூடாது, கதவைச் சாத்தினால் போதும். கிணற்றிலும் காவிரியிலும் தனியாக இறங்கக் கூடாது. வண்டி ஓட்டுநர் உரிமம் கேட்கும் படிவத்திலேயே வலிப்பு உண்டா என்ற கேள்வி இருக்கிறது. வருடக்கணக்கில் வலிப்பே வராதவருக்கும் நம் சட்டம் இன்னும் வழி திறக்கவில்லை. அதை மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கல்யாணத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. பெண்ணுக்கு வலிப்பு என்றால் நம் ஊரில் முதலில் மறைப்பது அங்கேதான். மறைத்தால் என்ன ஆகும் என்பதை ஒரு உறவுக்காரப் பெண்ணிடம் பார்த்தேன். புகுந்த வீட்டில் மாத்திரை அட்டையை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். மாமியார் சமையற்கட்டை விட்டு நகரும்போதுதான் போட முடியும். சில ராத்திரி போட முடியாது. புதுமணப் பெண், பாதித் தூக்கம், விட்டுப்போன மாத்திரை. வலிப்பு வராமல் இருந்தால்தான் அதிசயம். வந்தது. "ஏமாத்திட்டாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள்.

சட்டமும் கொஞ்ச காலம் அந்தப் பக்கம்தான் நின்றது. 1976இல் திருத்தப்பட்ட இந்துத் திருமணச் சட்டம், திரும்பத் திரும்ப வலிப்பு வருவதைப் பைத்தியத்தோடு ஒரே வரியில் சேர்த்து, திருமணத்துக்குத் தடையாக வைத்திருந்தது. 1999இல்தான் அந்தச் சொல்லை நீக்கினார்கள். வலிப்பு தீராத நோயும் அல்ல, மனநோயும் அல்ல, விவாகரத்துக்குக் காரணமாகாது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2023இல் தீர்ப்பளித்தது.

தங்கைக்கு வரன் வந்தபோது அவளே அப்பாவிடம் சொல்லிவிட்டாள்: "சொல்லாம செய்யறதா இருந்தா எனக்கு வேணாம்பா." இரண்டு இடம் தட்டிப்போயின. மூன்றாவதாக வந்த வீட்டில் பையனின் அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வந்தா என்ன செய்யணும்னு சொல்லிக் குடுங்க சம்பந்தி" என்றார். முன்னறையில் பாயை விரித்து, என் மகனைப் படுக்க வைத்து, ஒருக்களிப்பது எப்படி என்று நான் காட்டினேன். அந்த அம்மா குனிந்து தானும் ஒருமுறை செய்து பார்த்தார்.

கல்யாணத்துக்கு முன்பே அவள் எடுத்துவந்த வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தை மருத்துவர் மாற்றிவிட்டார். கருவுற்ற பெண் அந்த மருந்தை எடுத்தால் ஏறத்தாழ பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறை வரலாம். இன்னும் பலருக்கு மூளை வளர்ச்சி பாதிக்கும். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதை மருத்துவரிடம் வாய் திறந்து கேட்க வேண்டும், கருவுற்ற பிறகல்ல, முன்பே. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரை திருநாள் மருத்துவ நிறுவனத்தில் 1998 முதல் வலிப்பு நோயுள்ள கர்ப்பிணிகளுக்கென்றே ஒரு பதிவேடு இருக்கிறது. பெரும்பாலோருக்கு நல்லபடியாகவே குழந்தை பிறக்கிறது. போலிக் அமில மாத்திரையும் ஒழுங்கான கண்காணிப்பும் வேண்டும். தங்கைக்கும் ஆரோக்கியமான மகள் பிறந்தாள். பாலும் கொடுத்தாள்.

பெரிய வலிப்பு நின்று வருடங்கள் ஆகிவிட்டதால் நோய் அடங்கிவிட்டது என்றுதான் நாங்கள் எல்லோரும் இருந்தோம். திருச்சியில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, அவள் முதல் வாரமே பக்கத்து மேசைப் பெண்ணிடம் சொல்லிவைத்திருந்தாள். அந்தப் பெண்தான் ஒருநாள் கேட்டார்: "ஏங்க, நீங்க அப்பப்ப அப்படியே நின்னுடுறீங்களே, அதுவும் இதுதானா? அப்ப உங்க இடது கை கோணிக்கிட்டு வெறைப்பா நிக்குது. வலது கை மட்டும் துப்பட்டாவப் பிசையுது." வீட்டில் நாங்கள் யாரும் இடது, வலது பார்த்ததில்லை. தங்கை அதைத் துண்டுத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு மருத்துவரிடம் போனாள்.

அவர் படித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு கை விறைத்து இன்னொரு கை பிசைந்தால், விறைக்கும் கைக்கு எதிர்ப்பக்க மூளையிலிருந்து வலிப்பு கிளம்புகிறது என்று பொருள். அவளுக்கு வலது பொட்டுப் பகுதி. வலிப்புக்கென்றே மெல்லிய அடுக்குகளாக எடுக்கும் எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்தார். பழைய சாதாரண எம்ஆர்ஐயில் தெரியாமல் போனது இதில் தெரிந்தது: வலப்பக்க ஹிப்போகாம்பஸ் (பொட்டுப் பகுதிக்குள் நினைவுக்கான பாகம்) சுருங்கி, தழும்பேறியிருந்தது. குழந்தையில் வந்த அந்த நீண்ட காய்ச்சல் வலிப்போடு இதற்குத் தொடர்பிருக்கலாம் என்றார்.

சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளை ஒழுங்காக எடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால், மூன்றாவது நான்காவது என்று மாற்றிக்கொண்டே காலத்தைக் கடத்துவதைவிட, அறுவை சிகிச்சை சாத்தியமா என்று பார்க்க வேண்டும். மூளை அறுவை என்றாலே வீட்டில் அழுகைதான் வந்தது. ஆனால் கனடாவில் 80 நோயாளிகளை வைத்து நடத்தி 2001இல் வெளிவந்த ஆய்வில், பொட்டுப் பகுதி அறுவைக்கு அனுப்பப்பட்டவர்களில் 58 விழுக்காட்டினர் ஒரு வருட முடிவில் நினைவு தப்பும் வலிப்பு இல்லாமல் இருந்தார்கள். மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களில் 8 விழுக்காடு. திருவனந்தபுரத்தின் அதே நிறுவனத்தில் 1995 முதல் இந்த அறுவையைச் செய்கிறார்கள்.

தங்கை அங்கே பெயர் பதிந்திருக்கிறாள். அறுவைக்கு முன் வார்டில் சில நாள் தங்கவைத்து, மாத்திரையைக் குறைத்து, வலிப்பு வரும்போது ஈஈஜியும் காணொளியும் ஒருசேரப் பதிவு செய்வார்கள். துணைக்கு ஒருவர் இரவும் பகலும் கூடவே இருந்து, வலிப்பு தொடங்கியதும் பித்தானை அழுத்தி, அவளோடு பேச்சுக் கொடுக்க வேண்டும். போக வேண்டியது நானா, அவள் மாமியாரா என்று இரண்டு வாரமாக வீட்டில் பேச்சு நடக்கிறது. மாமியார் ஏற்கெனவே பையைக் கட்டி வைத்துவிட்டார்.